பிட்ஸ் வந்துவிட்டது, அது வலிப்பு நோய்தானா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

என் அக்கா மகளுக்கு அப்போது 15 வயது. மூன்று நான்கு மாதமாகக் காலை நேரத்தில் காபி டம்ளர் அவள் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. தலை வாரும்போது சீப்பு எகிறிப் போய் விழும். "நின்னுக்கிட்டே தூங்குறா பாரு" என்று அக்கா திட்டுவாள். பத்தாம் வகுப்புத் தேர்வு நேரம், இரவு 1 மணி வரை படிக்கிற பிள்ளை, தூக்கக் கலக்கம் என்று நானும் சேர்ந்து சொன்னேன். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஒரு சத்தம் போட்டு அப்படியே சாய்ந்தாள். உடம்பு கட்டையாக விறைத்தது. அப்புறம் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இரண்டு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது.

அன்றைக்கே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டும் நார்மல். "ஒண்ணுமில்ல, சரியா சாப்பிடாம படிச்சதுல வந்த மயக்கம்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரத்தில் மறுபடி வந்தது. இந்த முறை வேறு ஊருக்குப் போய் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். நாங்கள் நீட்டிய ஃபைலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவர் பிள்ளையிடம் கேட்டார்: "பாப்பா, காலைல எந்திரிச்சதும் கை வெடுக்குனு உதறுமா? கையில இருக்கிற சாமான் கீழ விழுமா?"

அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

அந்த உதறல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வலிப்பு. மாதக்கணக்கில் எங்கள் கண்ணெதிரே நடந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் வலிப்பு நோயை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன். எனக்குத் தெளிவான முதல் விஷயம் இது: வலிப்பு நோயைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது, பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்லும் விவரம்தான். மெஷின்கள் அதற்குத் துணை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு

மூளையில் உள்ள நரம்பு செல்கள் ஒன்றோடொன்று சின்னச் சின்ன மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. சந்தையில் ஆயிரம் பேர் ஆயிரம் பேச்சுப் பேசுவார்கள், தள்ளி நின்று கேட்டால் ஒரே இரைச்சலாக இருக்கும். ஆனால் அந்த இரைச்சலுக்குள்தான் அத்தனை வியாபாரமும் நடக்கிறது. அதே ஆயிரம் பேரும் திடீரென்று ஒரே தாளத்தில் கத்த ஆரம்பித்தால் வியாபாரம் நின்றுபோகும். வலிப்பின்போது மூளையில் நடப்பது அதுதான். ஒரு பகுதி செல்களோ முழு மூளையுமோ ஒரே நேரத்தில் அளவுக்கு மீறித் துடிக்கின்றன. கையை ஆட்டும் பகுதியில் நடந்தால் கை இழுக்கும். பார்வைப் பகுதியில் நடந்தால் கண்முன் வண்ண வண்ணமாக ஒளி தெரியும். நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதியில் நடந்தால், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலவோ, இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறோமே என்பது போலவோ தோன்றும். இல்லாத வாசனை வீசும். விழுந்து துடிப்பது மட்டும்தான் வலிப்பு என்று நினைத்திருப்பதால் மற்ற வகைகளை நாம் தவறவிடுகிறோம்.

உலகில் 10 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வலிப்பு வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேரும் வலிப்பு நோயாளிகள் ஆகிவிடுவதில்லை. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தவருக்கு ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கினால் வலிப்பு வரும். வயதானவர்களுக்கு உப்புச் சத்து, அதாவது சோடியம், குறைந்தால் வரும். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வரலாம். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கடும் காய்ச்சலில் வருவது நிறைய வீடுகளில் தெரிந்த கதை. இவையெல்லாம் வேறொரு காரணத்தால் தூண்டப்பட்ட வலிப்பு. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்தது.

அப்படித் தூண்டுதல் ஏதுமில்லாமல், மூளைக்குத் தானாகவே மறுபடி மறுபடி வலிப்பு வரும் தன்மை இருந்தால் அதுதான் வலிப்பு நோய். உலக அளவிலான வலிப்பு நோய் மருத்துவர் அமைப்பு 2014இல் இதற்கு ஒரு நடைமுறை வரையறை கொடுத்தது. தூண்டுதல் இல்லாத வலிப்பு, 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்திருக்க வேண்டும். அல்லது ஒரு முறைதான் வந்திருக்கிறது, ஆனால் அடுத்த 10 ஆண்டில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருக்கும் என்று பரிசோதனைகள் காட்ட வேண்டும். குறிப்பிட்ட வலிப்பு நோய் வகை ஒன்று தெளிவாகத் தெரிந்தாலும் போதும். மருத்துவர் செய்யும் பரிசோதனை எல்லாம் இந்த வரையறைக்குள் விடை தேடும் வேலைதான். வந்தது வலிப்புதானா? தூண்டப்பட்டதா, தானாக வந்ததா? மறுபடி வருமா? எந்த வகை?

விழுந்ததெல்லாம் வலிப்பு இல்லை

முதல் கேள்விதான் கடினமானது. பள்ளியில் காலை வணக்கத்துக்கு வெயிலில் நின்ற பிள்ளை விழுகிறது. ஊசி போட்டதும் ஒருவர் சரிகிறார். கண் செருகுகிறது, கை கால் இரண்டு மூன்று முறை வெட்டுகிறது. பார்த்தவர்கள் பிட்ஸ் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வந்த சாதாரண மயக்கமாக இருக்கலாம். 1994இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளியானது. உடம்புக்கு ஒன்றுமில்லாத தன்னார்வலர்களை வேண்டுமென்றே மயங்க வைத்து வீடியோ எடுத்தார்கள். முழுதாக மயங்கிய 42 பேரில் 38 பேருக்குக் கை கால் வெட்டியது. அவர்களில் யாருக்கும் வலிப்பு நோய் கிடையாது. அதனால் "கை கால் இழுத்ததா?" என்ற ஒரு கேள்வியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் எதைக் கேட்பார்கள்? முன், நடுவில், பின் என்று மூன்று கட்டமாகக் கேட்பார்கள்.

முன்னால் என்ன நடந்தது? நின்றுகொண்டிருந்தாரா, படுத்திருந்தாரா? கண் இருட்டி, காது அடைத்து, வியர்த்துக் கொட்டி, அப்புறம் விழுந்தார் என்றால் மயக்கத்தின் பக்கம் சாயும். தூக்கத்திலேயே வந்தது என்றால் வலிப்பின் பக்கம் சாயும்.

நடுவில்? சாதாரண மயக்கம் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் தெளியும், முகம் வெளிறிப்போகும். பெரிய வலிப்பு ஒன்றிரண்டு நிமிடம் நீடிக்கும், முகமும் உதடும் நீலம் பாயும், கண்கள் திறந்திருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பியதா? எந்தக் கை முதலில் இழுத்தது? இது ரொம்ப முக்கியம். வலது கையில் ஆரம்பித்து உடம்பு முழுக்கப் பரவியது என்றால், மூளையின் இடது பக்கத்தில் எங்கோ தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பின்னால்? இதைத்தான் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. மயங்கி விழுந்தவர் கண் திறந்ததும் "என்னாச்சு, எங்க விழுந்தேன்?" என்று தெளிவாகக் கேட்பார். வலிப்பு வந்தவர் குழம்பிப்போய், பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் பார்ப்பார், அசந்து தூங்குவார். எழுந்தால் தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தால் அது வலிப்புக்கு நல்ல சாட்சி. துணியிலேயே சிறுநீர் போவது இரண்டிலும் நடக்கும், அதை வைத்துப் பிரிக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. மனதில் அடக்கிவைத்த அழுத்தம் உடம்பு வழியாக வெளிவருவது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, சில நேரம் 10, 20 நிமிடம் வரை நீடிக்கும். மூளையில் வலிப்புக்கான மின்மாற்றம் எதுவும் இருக்காது. இதை நடிப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை அடிக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இது நடிப்பே கிடையாது. அந்தப் பிள்ளைக்கு அதன் மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதற்குரிய சிகிச்சை மனநல ஆலோசனை. வலிப்பு மாத்திரை இதற்குக் கேட்காது.

இன்னொரு பக்கம், வலிப்பாகவே தெரியாத வலிப்புகள். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை 10 விநாடி வெறித்துப் பார்க்கும், இமை லேசாகப் படபடக்கும், அப்புறம் ஒன்றும் நடக்காதது போல எழுதும். ஒரு நாளைக்குப் பத்து இருபது முறைகூட வரலாம். "கவனம் இல்லை" என்று ஆசிரியர் ரிப்போர்ட்டில் எழுதுவார். பெரியவர்கள் பேச்சின் நடுவே நிலைகுத்திப் போய், வாயை மெல்லுவது போல அசைத்துக்கொண்டு, முந்தானையையோ சட்டைப் பொத்தானையோ திருகிக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டால் பதில் வராது. இதைக் காற்று கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போய், ஆண்டுகள் ஓடிய குடும்பங்கள் உண்டு.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு வகையையும் சொல்ல வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வரும் வலிப்பு. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், இது அதிகம். பெங்களூரு மருத்துவர்கள் 1968இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். "குளிக்கும்போது வந்ததா? எவ்வளவு சூடான தண்ணீர்? தலைக்கு ஊற்றும்போதா, உடம்புக்கா?" என்று கேட்டால்தான் பிடிபடும். எந்த ஸ்கேனும் இதைச் சொல்லாது.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றுதான். விழுந்ததைப் பார்த்தவர் பாட்டியாக இருக்கும், மருத்துவரிடம் கூட்டிப்போவது அப்பாவாக இருக்கும். விழுந்தவருக்கோ எதுவும் நினைவிருக்காது. பாட்டியையும் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் மருத்துவர் அறையிலிருந்தே பாட்டிக்கு ஃபோன் போடுங்கள். பள்ளியில் நடந்திருந்தால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்டு எழுதி வையுங்கள். மறுபடி வந்தால், பிள்ளையைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துணி மடித்து வைத்தபின், இன்னொருவர் செல்ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். முகம், கண், இரண்டு கைகள், கால்கள் எல்லாம் தெரியவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வருகிறதா என்பது பதிவாகும். நின்ற பிறகும் சில நிமிடம் எடுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். இரும்புச் சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே நின்றுவிடும் என்பதால் சாவி நிறுத்தியது போலத் தெரிகிறது. 5 நிமிடத்தைத் தாண்டினால் வீடியோவை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள், அது அவசர நிலை.

இ.இ.ஜி. என்ன சொல்லும், என்ன சொல்லாது

ஜெர்மனியின் யேனா நகரில் ஹன்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்து பதிவு செய்தார். 1929இல்தான் வெளியிட்டார். அதுதான் இ.இ.ஜி.யின் தொடக்கம். 1935இல் அமெரிக்காவின் பாஸ்டனில், மேலே சொன்ன வெறித்துப் பார்க்கும் பிள்ளைகளின் பதிவில் விநாடிக்கு 3 என்ற கணக்கில் ஒரே மாதிரியான கூர் அலைகள் வருவதைக் கண்டார்கள். இன்றைக்கும் அந்த வகையை உறுதி செய்வது அந்த அலைகள்தான்.

தலையை டேப்பால் அளந்து, பசை தடவி, 21 சிறு உலோக வில்லைகளை ஒட்டுவார்கள். "ஷாக் வைப்பாங்களா சித்தி?" என்று என் அக்கா மகள் பயந்துபோய்க் கேட்டாள். தலைக்குள் ஒரு துளி மின்சாரம்கூட அனுப்புவதில்லை. தலையிலிருந்து வருவதைக் கேட்டுக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. அந்த மின்துடிப்பு மிக மெல்லியது. இதயத்தின் மின்துடிப்போடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு. அதனால்தான் முந்தைய நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் வில்லையும் ஒட்டாது, அலையும் சரியாக வராது. சாப்பிட்டுவிட்டே போகலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருத்துவர் சொன்னாலொழிய மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பதிவு 20, 30 நிமிடம் நடக்கும். நடுவில் 3 நிமிடம் ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். வெறித்துப் பார்க்கும் வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பல சமயம் அந்த இடத்திலேயே வந்துவிடும். சிறு பிள்ளைகளுக்குக் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொன்னால் அதே வேலை நடக்கும். அப்புறம் கண்முன் விளக்கை வெவ்வேறு வேகத்தில் மின்ன வைப்பார்கள்.

இப்போது முக்கியமான இடம். ஒரு இ.இ.ஜி. அந்த அரைமணி நேரத்தை மட்டுமே பார்க்கிறது. உங்கள் தெருவில் திருடன் வருகிறானா என்று பார்க்க, பகல் 11 மணிக்கு அரைமணி நேரம் வாசலில் நிற்பது போன்றது. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே முதல் பதிவில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் அதற்கான அலைகள் தென்படும். ஆகவே "இ.இ.ஜி. நார்மல், வலிப்பு நோய் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அது தவறு. எங்கள் வீட்டில் ஆறு வாரம் போனது அந்தத் தவறால்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு நாளும் வலிப்பே வராத ஆரோக்கியமான பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்கு வரை இ.இ.ஜி.யில் வலிப்பு போன்ற அலைகள் தெரியலாம். சாதாரணத் தூக்க அலைகளைக்கூடக் கூர் அலை என்று தவறாகப் படித்துவிடுவது நடக்கிறது. மயங்கி விழுந்த ஒருவருக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், தேவையே இல்லாத மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியதாகிவிடும். 1999இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், வலிப்பு நோய் என்று சொல்லி நிபுணரிடம் அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலிப்பு நோயே இல்லை என்று தெரிந்தது. கதையைச் சரியாகக் கேட்காததும், இ.இ.ஜி.யைத் தவறாகப் படித்ததும்தான் பெரும்பாலும் காரணம்.

சரி, சந்தேகம் தீரவில்லை என்றால்? தூக்கத்தைக் குறைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள். தூக்கக் குறைவும், தூங்கத் தொடங்கும் அந்த நேரமும் ஒளிந்திருக்கும் அலைகளை வெளியே கொண்டுவரும். எங்கள் பிள்ளைக்கு அப்படித்தான் இரண்டாவது முறை எடுத்தார்கள். நள்ளிரவு தாண்டியும் அவளைத் தூங்கவிடாமல், அக்காவும் நானும் அவளும் தாயம் ஆடினோம். பிள்ளை சொக்கி விழ விழ எழுப்பியது பாவமாக இருந்தது. மறுநாள் பதிவில், தூங்கி விழித்த சில நிமிடத்தில், மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கூர் அலைக் கொத்துகள் வந்தன. மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். காபி டம்ளர் நழுவியதற்கான காரணத்தை நான் கோடுகளாகப் பார்த்தேன்.

அதிலும் விடை கிடைக்காதவர்களுக்கு வீடியோ இ.இ.ஜி. இருக்கிறது. மருத்துவமனையில் படுக்கவைத்து, நாள் கணக்கில் கேமராவும் மூளை அலையும் சேர்ந்து ஓடும். வலிப்பு வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது, அதே விநாடியில் மூளையில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மன அழுத்தத்தால் வருவதையும் உண்மையான வலிப்பையும் உறுதியாகப் பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஸ்கேன், நாடாப்புழு, வேலூர்

இ.இ.ஜி. மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதற்கு மூளையின் படம் வேண்டும். அடிபட்டு வந்தவருக்கு, ரத்தக்கசிவு இருக்கிறதா என்று அவசரமாகப் பார்க்க சி.டி. ஸ்கேன் போதும். மற்றபடி எம்.ஆர்.ஐ.தான் நல்லது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் வந்த தழும்பு, பழைய பக்கவாதம், கட்டி, மூளை உருவாகும்போதே ஏற்பட்ட சிறு கோணல், நினைவுக்கான பகுதி சுருங்கி இறுகிப்போவது எல்லாம் அதில் தெரியும். கடைசியில் சொன்ன இரண்டும் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தப்பிவிடும். வலிப்புக்கென்று தனி முறையில் மெல்லிய துண்டுகளாக எடுக்க வேண்டும், படத்தைப் பார்ப்பவருக்கு வலிப்பின் விவரமும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இங்கேயும் கதைதான் வழிகாட்டுகிறது.

நம் நாட்டில் எம்.ஆர்.ஐ.யிலும் சி.டி.யிலும் அடிக்கடி தெரிவது, மோதிரம் போல ஒளிரும் சிறு புள்ளி. ஒரு காலத்தில் இதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு, அந்தப் புள்ளிகளை எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் சிறு கூடுகள் என்று 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியது. 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், மூளையை ஒரு பக்கம் தள்ளாமல் இருந்தால் அது பெரும்பாலும் புழுக்கூடு என்று அறுவை செய்யாமலே பிரித்தறியும் வழியையும் வகுத்தார்கள். உலகம் முழுக்க மருத்துவர்கள் படிக்கிற பாடம் அது. நம் வேலூரிலிருந்து போனது என்பதில் எனக்குப் பெருமை.

"நாங்க சைவம், எங்களுக்கு எப்படி?" என்று இங்கேதான் கேட்பார்கள். பன்றிக்கறி தின்றதால் மூளைக்குப் புழு போவதில்லை. சரியாக வேகாத கறி தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் போகும் முட்டைகள் தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் கையிலும் ஒட்டி, யார் வாய்க்குள் வேண்டுமானாலும் போகலாம். அந்த முட்டைதான் மூளைக்குப் போய்க் கூடு கட்டுகிறது. பெரும்பாலும் குணமாகிவிடக்கூடியது என்பதால், இந்தப் புள்ளியைச் சரியாக அடையாளம் காண்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

ரத்தப் பரிசோதனை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை, சோடியம், கால்சியம் பார்ப்பார்கள், தூண்டப்பட்ட வலிப்பா என்று தெரிந்துகொள்ள. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பார்கள். சில குழந்தைகளுக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படும். ஆனால் இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.சி.ஜி.யை மட்டும் விட்டுவிடக் கூடாது. "மூளைக்கு வந்த நோய்க்கு நெஞ்சில் ஏன் ஒயர் ஒட்டுகிறார்கள்?" என்று தோன்றும். இதயத் துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் நின்றாலும் ஆள் விழுந்து கை கால் வெட்டும். பிறவியிலேயே சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தில் ஒரு கோளாறு இருக்கும். ஓடும்போதோ திடுக்கிடும்போதோ விழுவார்கள். அதை வலிப்பு என்று நினைத்து விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சில நிமிடத்தில், குறைந்த செலவில் முடிகிற சோதனை. யாரும் எடுக்கச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

எந்த வகை என்று ஏன் கேட்க வேண்டும்

"வலிப்பு நோய்தான்" என்றதோடு வேலை முடியவில்லை. ஒரு இடத்தில் தொடங்குவதா, முழு மூளையிலும் ஒரே நேரத்தில் தொடங்குவதா என்று பிரிக்க வேண்டும். மருந்து அதை வைத்துத்தான். கார்பமசெபின் என்ற மாத்திரை, ஒரு இடத்தில் தொடங்கும் வலிப்புக்கு நன்றாகக் கேட்கும். என் அக்கா மகளுக்கு இருப்பது போன்ற காலை உதறல் வகைக்கு அதைக் கொடுத்தால் உதறல் இன்னும் கூடலாம். வால்ப்ரோயேட் இந்த வகைக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் கர்ப்பக் காலத்தில் சிசுவைப் பாதிக்கும் என்பதால் பெண் பிள்ளைகளுக்கு யோசித்துத்தான் எழுதுவார்கள். காபி டம்ளர் கேள்வியைக் கேட்காமல் மருந்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் நாள் கணக்கே முக்கியம். 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர், தன் சொந்த மகனுக்கு வந்த விசித்திர வலிப்பை விவரித்து, யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டு ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். தலை முன்னால் குனிந்து குனிந்து, வணக்கம் வைப்பது போல அடுக்கடுக்காக வந்தது. ஒரு தகப்பன் உற்றுப் பார்த்து எழுதிய அந்தக் கடிதம்தான் இந்த நோயின் முதல் பதிவு. இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. தூங்கி எழுந்ததும் குழந்தை இப்படித் தொடர்ச்சியாகக் குனிந்து கையை விரித்தால், வயிற்று வலி, உரம் விழுந்தது, பயந்துகொண்டது என்று நாள் கடத்த வேண்டாம். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போக வளர்ச்சி பாதிக்கப்படும்.

மருத்துவரிடம் மறைப்பதுதான் நம் வீடுகளில் கண்டறிவதைக் கெடுக்கும் இன்னொரு காரணம். குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால், "கல்யாணம் ஆகணுமே" என்று முதல் இரண்டு மூன்று வலிப்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இது முதல் வலிப்பு என்று நினைத்து மருத்துவர் மருந்து வேண்டாம் என்பார். இந்து திருமணச் சட்டத்தில், வலிப்பு நோய் இருந்தால் திருமணம் செல்லாது என்று வழக்குப் போட இடம் இருந்தது. 1999இல் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். சட்டமே விட்டுவிட்டது, நாம்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்தில் வலிப்பு நோய் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு உண்மையான பதில் எழுத வேண்டும், நம் உயிரும் சாலையில் வருகிறவர் உயிரும் அதில் இருக்கிறது.

மருந்து தொடங்கிய பிறகும் ஒரு காலண்டரில் தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தைய இரவு எவ்வளவு தூக்கம், மாத்திரை விட்டுப்போனதா, பெண்கள் என்றால் மாதவிலக்கு நாள் எல்லாம் குறித்து வையுங்கள். சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது வலிப்பு நோய்தான்னு மறுபடி ஒரு தடவை பார்க்கலாமா? வீடியோ இ.இ.ஜி. எடுக்கிற இடத்துக்கு அனுப்புவீங்களா?" திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது, 1995 முதல் அங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சையும் நடக்கிறது. போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், காலண்டர், செல்ஃபோன் வீடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வலிப்பைப் பார்த்தவரையும்.